குறவை மீனின் மூளையும் ஒரு சுத்தமான பட்டையும்: ஒரு நிகழ்வு ஆய்வு

தஞ்சாவூரை அடுத்த ஓர் ஆய்வகத்தில் நடந்தது இது. வயலில் தெளிக்கும் பூச்சிமருந்து மீனின் மூளையில் உள்ள அசிட்டைல்கோலின் எஸ்டரேஸ் என்ற நொதியை என்ன செய்கிறது என்று பார்க்கப் புறப்பட்ட ஆய்வு மாணவி ஒருவர், அந்த நொதிக்கென்றே விற்கப்படும் ஆன்டிபாடியை (குறிப்பிட்ட ஒரு புரதத்தைப் பிடிக்கும் புரதம்) வாங்கி வெஸ்டர்ன் பிளாட் செய்தார். புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து, தேடும் புரதத்தை ஆன்டிபாடியால் பட்டையாகக் காட்டும் முறை அது. படத்தில் ஒரே ஒரு பட்டை, சுத்தமாக, பளிச்சென்று விழுந்தது. மருந்து பட்ட மீனிலும் படாத மீனிலும் அது ஒரே கனம். பாடப்புத்தகம் சொல்வதும் அதையேதான். கைடுக்குத் திருப்தி, ஆய்வைக் கண்காணிக்கும் குழுவின் டி.சி. மீட்டிங்கில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் திருப்தி. ஆனால் அந்தப் பட்டை அந்த நொதியே இல்லை.

எதிர்பார்ப்புக்கு மாறாக ஒரு விடை வந்தால் எல்லோரும் தோண்டித் துருவுவார்கள். எதிர்பார்த்தபடியே வந்துவிட்டால் யாரும் அதைத் தொடுவதில்லை. இந்த நிகழ்வை முழுவதுமாக எழுதி வைக்க நான் விரும்பியதற்கு அதுதான் காரணம். டெல்டாவில் உள்ள கல்லூரிகளில் வயல், மருந்து, மீன் மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் இதே மாதிரி ஆய்வுகள் அடிக்கடி நடக்கின்றன. அடுத்து செய்யப் போகிறவருக்கு உதவட்டும் என்று, எந்தச் சோதனை எதைச் சொன்னது, எதைச் சொல்லவில்லை என்பதையெல்லாம் விவரமாகத் தருகிறேன். மாணவியின் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர்கள் வேண்டாம் என்று முடிவு செய்துகொண்டோம்.

வயலும் மீனும்

மேட்டூரில் ஜூன் 12இல் தண்ணீர் திறந்தால் குறுவை, அதன் பின்னாலேயே சம்பா, குறுவை அறுத்த வயலில் தாளடி என்று டெல்டாவின் ஆண்டு ஓடும். சம்பாப் பயிர் தூர் கட்டும் காலத்தில் இலைச்சுருட்டுப் புழுவும் குருத்துப்பூச்சியும் வரும். மருந்து அடிப்பார்கள். ஈரம் நிறைந்த அந்த மாதங்களில் வயலிலிருந்து வடிகாலுக்கும், வடிகாலிலிருந்து வெண்ணாற்றின் கிளை வாய்க்கால்களுக்கும் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும். அதோடு மருந்தும் போகும்.

மாணவி தேர்ந்தெடுத்தது குறவை. நல்ல தேர்வு என்றே சொல்வேன். காற்றையும் சுவாசிக்கும் மீன் அது. சேற்றிலும் குறைந்த தண்ணீரிலும் தாங்கும். மற்ற மீன்கள் மிதந்துவிடும் இடத்தில் குறவை உயிரோடு இருக்கும். ஆகவே சாகாமல் பாதிக்கப்பட்ட மீனின் மூளையைப் பார்க்க வேண்டுமென்றால் அதைவிட்டால் வேறு எளிய வழி கிடையாது. ஒப்பிடுவதற்கு, மருந்து வாடையே படாத ஒரு குளத்துக் குறவைகளையும் எடுத்தார்.

வயல்காரரிடம் என்ன மருந்து அடித்தார் என்று கேட்பதை நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். இவர் விடவில்லை. "இலை சுருட்டுதுன்னு கடைக்காரர்கிட்ட சொன்னேன் பாப்பா, இதைக் குடுத்தாரு" என்று வரப்போரம் கிடந்த காலிப் பாட்டிலை எடுத்துக் காட்டியிருக்கிறார் அந்தப் பெரியவர். குளோர்பைரிபாஸ் 20 சதவீத இ.சி. (தண்ணீரில் கலந்து அடிக்கும் திரவம்), ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்து. "மீனு மூளைய எடுத்து என்னம்மா பண்ணுவ, கொழம்புக்குத் தலையே இல்லாம போயிடுமே" என்றும் கேட்டிருக்கிறார். அந்தக் காலிப் பாட்டில் இந்த ஆய்வுக்கு எவ்வளவு முக்கியம் என்பது பின்னால் தெரியும். குருத்துப்பூச்சிக்கு அடிக்கும் கார்டாப் என்றால் கதையே வேறு. அது இந்த நொதியைத் தொடாது, நரம்பில் வேறொரு இடத்தைப் பிடிக்கும். இமிடாகுளோபிரிடும் அப்படித்தான். எல்லாவற்றையும் "பூச்சிமருந்து" என்று ஒரே பெயரில் எழுதிவிட்டு நொதியை அளந்தால், வரும் எண்ணுக்கு அர்த்தமே இருக்காது.

நொதி என்ன செய்கிறது

அசிட்டைல்கோலின் என்பது நரம்பு முனையிலிருந்து வெளியாகும் செய்தி வேதிப்பொருள். ஹென்றி டேல் 1914இலேயே, உடலில் இதை உடைக்கும் ஏதோ ஒன்று இருக்க வேண்டும் என்று ஊகித்தார். ஓட்டோ லோவி 1921இல் தவளை இதயத்தை வைத்து, நரம்பு வேதிப்பொருள் வழியாகவே பேசுகிறது என்று காட்டினார். இருவருக்கும் 1936இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர்கள் தேடிய அந்த உடைப்பான்தான் அசிட்டைல்கோலின் எஸ்டரேஸ். செய்தி சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்ததும் அதை உடைத்து அமைதிப்படுத்துவது இதன் வேலை. இந்த நொதியின் ஒரு மூலக்கூறு நொடிக்கு ஆயிரக்கணக்கான அசிட்டைல்கோலின் மூலக்கூறுகளை உடைக்கும்.

மின்திருக்கை மீனிலிருந்து எடுத்த நொதியின் வடிவத்தை 1991இல் கண்டறிந்தபோது ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. வேலை நடக்கும் இடம் வெளியே இல்லை. ஏறத்தாழ 20 ஆங்ஸ்ட்ராம் ஆழமான ஒரு குறுகிய பள்ளத்தின் அடியில் இருந்தது. அங்கே செரீன் என்ற ஓர் அமினோ அமிலம். மனித நொதியில் 203ஆம் இடத்தில் இருப்பது. குளோர்பைரிபாஸ் உடலுக்குள் போனதும் கல்லீரலில் அதன் கந்தகம் நீங்கி ஆக்ஸிஜன் ஏறுகிறது. அப்படி மாறிய வடிவம் போய் இந்தச் செரீனில் ஒட்டிக்கொள்கிறது. மடையில் சேறு அடைத்துவிட்டால் வாய்க்கால் இருக்கும், தண்ணீர் மட்டும் பாயாது. நொதியின் நிலையும் அதுவே: புரதம் முழுசாக இருக்கிறது, வேலை நின்றுவிட்டது.

வேலையை அளப்பது எளிது. ஜார்ஜ் எல்மன் 1961இல் சொன்ன முறைதான் இன்றும் எல்லா ஆய்வகங்களிலும். அசிட்டைல்தயோகோலினை நொதி உடைக்கும்; வெளிவரும் தயோகோலின் டி.டி.என்.பி. என்ற வேதிப்பொருளோடு சேர்ந்து மஞ்சளாகும். அந்த மஞ்சள் ஏறும் வேகத்தை 412 நானோமீட்டரில் படிக்க வேண்டும். பழைய ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் ஒன்று இருந்தால் போதும். மாணவி இதைக் கவனமாகவே செய்திருந்தார். மூளையில் இயல்பாக உள்ள குளூட்டத்தயோன் போன்றவையும் டி.டி.என்.பி.யோடு மஞ்சளாகும் என்பதால், முதலில் அந்த மஞ்சள் ஏறி நிற்கும் வரை காத்திருந்து, அப்புறம்தான் அசிட்டைல்தயோகோலினைச் சேர்த்தார். வயல் மீனின் மூளையில் நொதியின் வேலை குளத்து மீனைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தது. இதில் யாருக்கும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை.

பட்டை வந்த கதை

சந்தேகம் வேறு இடத்தில் எழுந்தது. வேலை குறைந்ததற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். நொதி அடைபட்டிருக்கலாம், அல்லது மூளை செல்களே கெட்டு, நொதிப் புரதமே குறைவாக உற்பத்தியாகியிருக்கலாம். கட்டுரையை அனுப்பிய இடத்திலிருந்து இதைத்தான் கேட்டார்கள்: புரத அளவையும் காட்டுங்கள் என்று. நியாயமான கேள்விதான்.

புரத அளவு என்றால் ஆன்டிபாடி. முயலில் உருவாக்கிய பாலிகுளோனல் (பல ஆன்டிபாடிகளின் கலவை) ஒன்றை வாங்கினார்கள். சுண்டுவிரல் நுனி அளவுக் குப்பியில் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் 100 மைக்ரோலிட்டர் திரவம். ஓர் ஆய்வு மாணவியின் மாத உதவித்தொகையை அப்படியே விழுங்கும் விலை. கூட வந்த தாளில் மனிதன், எலி, சுண்டெலி என்று எழுதியிருந்தது; மீன் பற்றி, "ஒத்துப்போகும் என எதிர்பார்க்கப்படுகிறது" என்ற அளவில் ஒரு வரி.

அந்த வரியை நம்பித்தான் வேலை தொடங்கியது. பட்டை 50 கிலோடால்டனுக்கு (புரதத்தின் எடையைச் சொல்லும் அலகு) சற்று மேலே விழுந்தது. எல்லா லேன்களிலும், அதாவது ஒவ்வொரு மாதிரியும் ஓடிய தடங்களிலும், ஒரே கனம். ஒப்பீட்டுக்காக, ஜெல்லிலிருந்து புரதங்களை மாற்றிய அதே பிளாட் சவ்வில், எல்லா செல்களிலும் உள்ள டியூபுலின் என்ற புரதத்தையும் பார்த்திருந்தார்கள். அதுவும் ஒரே கனம். முடிவு தானாகவே எழுதிக்கொண்டது: வேலை குறைந்திருக்கிறது, புரதம் குறையவில்லை, ஆகவே இது நொதி அடைபட்டதன் விளைவே. ஆர்கனோபாஸ்பேட் மருந்து என்ன செய்யும் என்று எம்.எஸ்சி. மாணவரைக் கேட்டாலும் இதையே சொல்வார்.

நான் இதற்குள் வந்தது அந்தப் படத்தை ஜெர்னலுக்குத் திருப்பி அனுப்பும் முன் ஒருமுறை பார்த்துத் தரச் சொன்னபோது. "மேடம், பட்டை நல்லா வந்திருக்கு, அளவுகோல் மட்டும் போடணும்" என்றார் மாணவி. அந்த எடை அளவுகோலைப் போட்டதும்தான் உறுத்தியது.

மனித நொதியில் முதிர்ந்த புரதம் 583 அமினோ அமிலம். அதன்மேல் சர்க்கரைத் தொடர்கள் வேறு ஒட்டியிருக்கும். ஜெல்லில் 70 கிலோடால்டனை ஒட்டி ஓட வேண்டியது. ஆய்வகங்களில் பெரிதும் பயன்படும் வரிக்குதிரை மீனின் நொதியும் இதைவிடச் சிறியதில்லை. ஆக, குறவையில் மட்டும் ஏன் 50ஐ ஒட்டி விழ வேண்டும்? "மீனில் சின்னதாக இருக்கலாம்" என்பது கைடின் பதில். இருக்கலாம்தான். ஆனால் இருக்கிறது என்று காட்ட வேண்டியது நம் பொறுப்பு.

செய்து பார்த்தவை

முதலில் மலிவானவற்றை முடித்தோம். முதன்மை ஆன்டிபாடி (வாங்கியது) இல்லாமல், அதைக் கண்ணுக்குக் காட்டும் செகண்டரி ஆன்டிபாடியை மட்டும் போட்டால் பட்டை வரவில்லை. அதாவது பட்டையைப் பிடிப்பது முதன்மை ஆன்டிபாடியேதான். எதைப் பிடிக்கிறது என்பது மட்டும் தெரியாது. மூளையை அரைத்த முறையையும் பார்த்தேன். மூளையில் இந்த நொதி பெரும்பாலும் சவ்வில் கட்டப்பட்டிருக்கும். சோப்புத் தன்மையுள்ள டிரைட்டான் சேர்க்காமல் அரைத்தால் கணிசமான பகுதி அடியில் தங்கிவிடும். அவர் சேர்த்திருந்தார். அந்தப் பக்கம் குறையில்லை.

ஆன்டிபாடி விற்றவர்கள் பெப்டைட் (சிறு புரதத் துண்டு) தடைச் சோதனையைச் செய்யச் சொன்னார்கள். எந்தத் துண்டைக் காட்டி முயலில் ஆன்டிபாடி உருவாக்கினார்களோ, அதே துண்டைச் சேர்த்து ஊற வைத்தால் பட்டை மறைய வேண்டும் என்பது கணக்கு. மறைந்தது. ஆனால் நான் இந்தச் சோதனைக்குப் பெரிய மதிப்புக் கொடுப்பதில்லை. தப்பான புரதத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஆன்டிபாடியும், அதே வாயால்தான் பிடிக்கிறது. அந்த வாயில் பெப்டைடை நிரப்பினால் தப்பான பட்டையும் மறைந்துதான் போகும்.

அடுத்து கல்லீரல். குறவையின் கல்லீரலில் எல்மன் முறையில் இந்த நொதியின் வேலை மிகச் சொற்பமாகவே தெரிந்தது. இதன் நெருங்கிய உறவான பியூட்டிரைல்கோலின் எஸ்டரேஸ் குழப்பிவிடக்கூடாது என்று, அதை மட்டும் நிறுத்தும் ஐசோ-ஓ.எம்.பி.ஏ.வையும், அசிட்டைல்கோலின் எஸ்டரேஸை மட்டும் நிறுத்தும் பி.டபிள்யூ.284சி51ஐயும் தனித்தனியாகப் போட்டு அளந்தோம். அதே கல்லீரல் கரைசலை ஜெல்லில் ஓட்டினால், 50ஐ ஒட்டிய அந்தப் பட்டை மூளையில் இருந்ததுபோலவே கொழுகொழுவென்று நின்றது. நொதியே அரிதாக இருக்கும் இடத்தில் நொதிக்கான பட்டை மட்டும் எப்படி இவ்வளவு கனமாக வரும்? இந்த இடத்தில் மாணவியின் முகம் மாறியது. "அப்போ இது எங்கயும் இருக்கிற ஏதோ புரதம் மேடம்" என்றார். அவரே சொன்னது.

இதை வைத்து மட்டும் தீர்ப்பு எழுதிவிட முடியாது. கல்லீரலில் வேலை செய்யாத நிலையில் புரதம் இருக்கக்கூடும் என்று ஒருவர் வாதிடலாம். ஆகவே நொதியின் இயல்பையே சாட்சியாக அழைத்தோம்.

மூளையில் இந்த நொதி தனித்தனியாக நிற்பதில்லை. இரண்டிரண்டாக, கந்தகப் பாலத்தால் கோத்துக்கொண்டு, அவை மீண்டும் சேர்ந்து நான்காக நிற்கும். வழக்கமாக ஜெல்லுக்கு முன் டி.டி.டி. என்ற பொருளைப் போட்டுக் கொதிக்க வைப்பதால் அந்தக் கந்தகப் பாலம் அறுந்து ஒற்றைச் சங்கிலியாகிவிடும். டி.டி.டி. போடாமல் விட்டால்? உண்மையான நொதி என்றால் பட்டை ஏறத்தாழ இரு மடங்கு எடைக்கு, 140, 150 கிலோடால்டனை ஒட்டி எங்கோ ஏற வேண்டும். பைசா செலவில்லாத சோதனை இது. ஒரு பொருளைச் சேர்க்காமல் விடுவதுதான் வேலையே. குறவை மூளையின் பட்டை அசையவில்லை. டி.டி.டி. இருந்தபோது எங்கே நின்றதோ அங்கேயே நின்றது.

அதே சவ்வில் பக்கத்து லேனில் ஒரு தன்னார்வலரின் ரத்தச் சிவப்பணுச் சவ்வை ஓட்டியிருந்தோம். மனிதச் சிவப்பணுவின் மேல்புறத்தில் அசிட்டைல்கோலின் எஸ்டரேஸ் இருக்கிறது என்பது பலருக்கும் தெரியாது; ரத்த பிளாஸ்மாவில் இருப்பது பியூட்டிரைல் வகை. சிவப்பணுக்களைக் கழுவி, உப்புக் குறைந்த நீரில் வெடிக்க விட்டு, ஹீமோகுளோபின் போகும் வரை அலசினால் வெளுத்த சவ்வு மிஞ்சும். அந்த லேனில் டி.டி.டி.யோடு 70ஐ ஒட்டி ஒரு பட்டை, டி.டி.டி. இல்லாமல் அது இரு மடங்கு உயரத்தில். புத்தகத்தில் இருப்பதுபோலவே. அதாவது வாங்கிய ஆன்டிபாடி கெட்டுப்போகவில்லை, கூரியரில் வந்த வெயிலும் மின்வெட்டும் அதைக் கெடுக்கவில்லை. மனித நொதியை அது சரியாகவே பார்க்கிறது. குறவையின் நொதியைத்தான் பார்க்கவில்லை, அதற்குப் பதில் வேறெதையோ பார்க்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. சிவப்பணுவில் உள்ள வடிவத்துக்கும் மூளையில் உள்ள வடிவத்துக்கும் உடல் ஒன்று, வால் வேறு. ஒரே மரபணுவிலிருந்து வெட்டி ஒட்டும்போது கடைசித் துண்டு மாறுகிறது. மூளை வடிவத்தின் வாலைக் காட்டி உருவாக்கிய ஆன்டிபாடியாக இருந்தால், அது எவ்வளவு நல்லதானாலும் சிவப்பணுவில் ஒன்றும் காட்டாது. நாங்கள் வாங்கியது புரதத்தின் நடுப்பகுதியிலிருந்து ஒரு துண்டைக் கொண்டு செய்தது என்பதை மின்னஞ்சலில் கேட்டு உறுதி செய்த பிறகே சிவப்பணுவைக் கண்ட்ரோலாக எடுத்தோம். துல்லியமான வரிசையைத் தர மறுத்துவிட்டார்கள். வணிக ரகசியமாம். இவ்வளவு விலை கொடுத்து வாங்கும் ஒருவருக்கு அது எதைப் பிடிக்கச் செய்யப்பட்டது என்று தெரியக்கூடாது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

பழுப்புக் கோடு

எனக்கு மிகவும் பிடித்த சோதனை கடைசியாகச் செய்தது. கார்னோவ்ஸ்கி, ரூட்ஸ் இருவரும் 1964இல் சொன்ன சாயமுறை. புரதத்தைக் கொதிக்க வைக்காமல், விரிக்காமல், அதன் இயல்பான வடிவிலேயே ஜெல்லில் ஓட்ட வேண்டும். பிறகு ஜெல்லை அசிட்டைல்தயோகோலின், தாமிர சல்பேட், சிட்ரேட், பொட்டாசியம் பெரிசயனைடு கலந்த கரைசலில் போட வேண்டும். நொதி எங்கே நிற்கிறதோ அங்கே தயோகோலின் உருவாகும், அது பெரிசயனைடை மாற்றும், தாமிரத்தோடு சேர்ந்து பழுப்பு நிறத்தில் படியும். ஆன்டிபாடியே தேவையில்லை. நொதி தானே கையெழுத்துப் போடுகிறது.

தட்டில் ஜெல் முதலில் வெறும் இளம்பச்சைக் கரைசலில் மிதந்தது. கொஞ்ச நேரத்தில் குளத்து மீனின் லேனில் மேலே ஒரு மெல்லிய கோடு, பென்சிலால் இழுத்தாற்போல. போகப் போக அது தேங்காய் ஓட்டு நிறத்துக்கு ஏறியது. வயல் மீனின் லேனில் அதே உயரத்தில், ஆனால் வெளிறி. பி.டபிள்யூ.284சி51 போட்ட ஜெல்லில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. ஆக அந்தக் கோடு நாங்கள் தேடும் நொதிதான்.

அதே ஜெல்லில் சாயமிடாமல் ஒதுக்கிய லேனில், பழுப்புக் கோட்டின் நேர் உயரத்தைப் பிளேடால் கீறி எடுத்தோம். அதற்குக் கீழேயும் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டினோம். ஒவ்வொரு துண்டையும் கொதிக்க வைத்துச் சாதாரண ஜெல்லில் ஓட்டி, அந்த ஆன்டிபாடியைப் போட்டோம். நொதி நின்ற துண்டில் 50ஐ ஒட்டிய பட்டை இல்லை. அது வந்தது கீழே, நொதியே இல்லாத வேறொரு துண்டிலிருந்து. இயல்பு வடிவில் உள்ள புரதத்தைச் சில ஆன்டிபாடிகள் பிடிக்காது என்ற சாக்கும் இங்கே செல்லாது, ஏனென்றால் துண்டைக் கொதிக்க வைத்து விரித்த பிறகுதான் பார்த்தோம். இதற்குப் பிறகு வாதம் நின்றது.

அந்தப் பட்டை உண்மையில் எந்தப் புரதம் என்று நாங்கள் தேடவில்லை. மூளை, கல்லீரல் இரண்டிலும் ஒரே கனமாக இருக்கும் ஏதோ புரதம் என்பதால்தான் அது மருந்துக்கு அசையாமல் நின்றது போலும். டியூபுலினோடு அவ்வளவு அழகாக ஒத்துப்போனதும் அதனால்தான். அசையாத ஏதோ ஒன்று, "புரதம் குறையவில்லை" என்ற வாக்கியத்துக்குச் சான்றாக நின்றுவிட்டது. எப்போதும் அசையாத ஒன்றைக் காட்டும் ஆன்டிபாடி, நொதி உண்மையிலேயே குறைந்திருந்தாலும் அதையேதான் காட்டியிருக்கும்.

மற்ற நொதிகளிலும் இதே பாடு

பக்கத்து அறையில் மோனோஅமைன் ஆக்ஸிடேஸ் பற்றி வேலை செய்பவர்களுக்கும் இந்தப் பிரச்சினை உண்டு, இன்னும் சிக்கலாக. டோபமின், செரட்டோனின் போன்றவற்றை உடைக்கும் இந்த நொதியை மேரி ஹேர் 1928இல் கல்லீரலில் கண்டார். அது ஏ, பி என்று இரண்டு. ஏ வகை 527 அமினோ அமிலம், பி வகை 520. வரிசையில் சுமார் 70 சதவீதம் ஒன்றே. இரண்டும் மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில், ஜெல்லில் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில். பி வகைக்கென்று வாங்கிய ஆன்டிபாடி ஏ வகையையும் பிடிக்கிறதா என்று எடையை வைத்துச் சொல்லவே முடியாது. இயற்கை ஓர் உதவி செய்திருக்கிறது: மனித ரத்தத் தட்டணுக்களில் பி மட்டுமே உண்டு, நஞ்சுக்கொடியில் பெருமளவு ஏ. பிரசவ வார்டில் முறையான அனுமதியோடு கிடைக்கும் ஒரு துண்டு நஞ்சுக்கொடியும், கொஞ்சம் தட்டணுவும் பக்கத்துப் பக்கத்து லேனில் ஓடினால் பதில் கிடைத்துவிடும்.

பார்க்கின்சன் நோய்க்குத் தரும் செலிஜிலின் இந்த பி வகையை நிரந்தரமாக அடைத்துவிடும். அங்கேயும் வேலை போகும், பட்டை இருக்கும். ஆகவே குறவையில் நடந்தது அங்கேயும் அப்படியே நடக்க வாய்ப்பிருக்கிறது: தப்பான பட்டை சரியான முடிவைச் சொல்வதுபோல் நிற்கும்.

ஆன்டிபாடி சோதனைக்கென்று பன்னாட்டுக் குழு ஒன்று 2016இல் ஐந்து வழிகளை முன்வைத்தது. அவற்றில் வலுவானது, மரபணுவை நீக்கிய உயிரில் பட்டை மறைகிறதா என்று பார்ப்பது. நீக்கம் செய்த குறவை எங்கள் கைக்குக் கிடைக்கப் போவதில்லை. ஆனால் அதே பட்டியலில், ஆன்டிபாடியைச் சாராத வேறொரு முறையோடு ஒப்பிடு என்பதும் இருக்கிறது. பழுப்புக் கோடும் எல்மன் மஞ்சளும் அதற்குப் போதும். வசதி இல்லாத ஆய்வகம் என்று இதில் ஒதுங்க வேண்டியதில்லை.

கேள்விக்கு எப்படிப் பதில் சொன்னோம்

பட்டை போனதும் கட்டுரையின் கேள்வி மறுபடி காலியாக நின்றது: நொதி அடைபட்டதா, குறைந்ததா? இன்னொரு ஆன்டிபாடி வாங்கலாம் என்றார் கைடு. நான் வேண்டாம் என்றேன். அடைபட்ட நொதியைத் திறந்து பார்த்துவிடலாமே.

இர்வின் வில்சனும் சாரா கின்ஸ்பர்க்கும் 1955இல் வெளியிட்ட பிராலிடாக்ஸிம் என்ற ஆக்ஸிம் வகைப் பொருள், மருந்திலிருந்து வந்து செரீனில் ஒட்டிய பாஸ்பேட்டை இழுத்து எடுக்கும். பூச்சிமருந்து குடித்தவர்களை அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கி வரும்போது அட்ரோபினோடு பி.ஏ.எம். என்று போடுகிறார்களே, அதுதான். இதையே அரைத்த மூளைக் கரைசலில் போட்டு, வேலை திரும்புகிறதா என்று அளக்கலாம். திரும்பினால், புரதம் அங்கே இருந்தது, அடைபட்டுக் கிடந்தது என்று நேரடியாகவே பொருள்.

இதிலும் ஒரு பொறி உண்டு. ஆக்ஸிம்கள் நொதி இல்லாமலேயே அசிட்டைல்தயோகோலினைக் கொஞ்சம் உடைக்கும். கரைசல் மஞ்சளாகும், நொதி திரும்பிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். ஆகவே மூளைக் கரைசல் இல்லாத, ஆக்ஸிம் மட்டும் உள்ள குழாய் ஒன்றை ஒவ்வொரு முறையும் கூடவே வைத்துக் கழிக்க வேண்டும். மாணவி அதை ஒரு தடவைகூட விடவில்லை.

காலிப் பாட்டில் இங்கேதான் கை கொடுத்தது. செரீனில் ஒட்டிய பாஸ்பேட் நாளாக ஆக இறுகிவிடும். அப்புறம் ஆக்ஸிமால் எடுக்க முடியாது. இறுகும் வேகம் மருந்துக்கு மருந்து மாறும். மோனோகுரோட்டோபாஸ் போல டைமெத்தில் வகை என்றால் மனித நொதியில் 4 மணி நேரத்துக்குள் பாதி இறுகிவிடும். குளோர்பைரிபாஸ் டைஎத்தில் வகை; பாதி இறுக ஒன்றரை நாளுக்கு அருகில் ஆகும். வயலில் என்ன அடித்தார்கள் என்று தெரியாமல் இந்தச் சோதனையைச் செய்திருந்தால், வேலை திரும்பாததை "புரதம் இல்லை" என்று தவறாகப் படித்திருக்க வாய்ப்புண்டு.

வயல் மீனின் மூளையில் இழந்த வேலையின் ஒரு பகுதி திரும்பியது. முழுவதும் திரும்பவில்லை. குளத்து மீனில் எந்த மாற்றமும் இல்லை. ஆகவே ஆய்வேட்டில் எழுதியது இவ்வளவுதான்: வயல் மீன்களில் நொதி அடைபட்டிருக்கிறது என்பது ஆக்ஸிம் சோதனையால் தெரிகிறது, திரும்பாத பகுதி இறுகிய நொதியா, குறைந்த புரதமா என்பதை இந்த ஆய்வு பிரித்துச் சொல்லாது. கைடு முதலில் தயங்கினார், கடைசி வாக்கியம் ஆய்வைப் பலவீனமாக்கும் என்று. வைவாவில் அதைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்கள். மாணவி பழுப்புக் கோட்டின் படத்தையும் சிவப்பணு லேனையும் திரையில் போட்டு, நின்று நிதானமாகப் பதில் சொன்னார்.

50 கிலோடால்டன் பட்டையின் படத்தை ஆய்வேட்டிலிருந்து நீக்கவில்லை. பின்னிணைப்பில் இருக்கிறது: ஆன்டிபாடியின் பட்டியல் எண், லாட் எண், எத்தனை மடங்கு நீர்த்தது என்ற விவரங்களோடு, குறவையில் இது அசிட்டைல்கோலின் எஸ்டரேஸைக் காட்டுவதில்லை என்ற குறிப்போடு. குப்பியில் மீதமிருந்ததை, மருந்து தெளிக்கும் தொழிலாளர்களின் சிவப்பணுவில் இந்த நொதியை அளக்கும் மற்றொரு மாணவரிடம் கொடுத்துவிட்டோம். மனிதச் சிவப்பணுவில் அது சரியாக வேலை செய்கிறது என்று இப்போது எங்களுக்குத் தெரியும்.